வீட்டு ஷெட்டில் பழைய பத்மினியைச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் ஃபியட் 1100 டிலைட் காரை மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1964 முதல் தயாரித்தது. 1974 முதல் அதே கார் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் விற்கப்பட்டது. நம் ஊர்களில் மட்டும் கடைசிவரை அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய அந்தக் காரை வீட்டிலேயே மீண்டும் ஓடவைக்க விரும்புபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் வண்டியை மட்டுமே மனத்தில் வைத்து எழுதியது இது.

பத்து ஆண்டுகளாக நின்றுபோன வண்டி. சீரமைக்கத் தகுந்ததா என்று எதை வைத்து முடிவு செய்வது?

என்ஜினை வைத்து முடிவு செய்யாதீர்கள். தகட்டை வைத்து முடிவு செய்யுங்கள். பத்மினிக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்களும், தூண்களும் ஒன்றாகச் சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே தரை அரித்துப்போனால் முதுகெலும்பே அரித்துப்போயிற்று என்று பொருள்.

மிதியடிகளையும் அவற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பழைய கயிற்றுப் பாயையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, ஒரு ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பேட்டரி உட்காரும் தட்டு, முன் மட்கார்டுக்குள் சேறு தங்கும் மூலை, முன் கண்ணாடியின் கீழ் ரப்பர், கதவுகளின் அடிவிளிம்பு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வந்து சேரும் இடம் ஆகியவற்றை விடாமல் பாருங்கள். பிறகு நான்கு கதவுகளும் சரியாக மூடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பக்கச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி வைத்துச் சற்றே உயர்த்துங்கள். அதுவரை ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடித்தால், சட்டம் பலமிழந்துவிட்டது. அந்த வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு நல்ல டிங்கரிங் ஆளைக் கூட்டிவந்து காட்டுவது புத்திசாலித்தனம்.

எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

பிரேக். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பலர் பெயிண்டில் தொடங்குகிறார்கள், சிலர் என்ஜினில் தொடங்குகிறார்கள். நிற்கத் தெரியாத வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளவும் முடியாது, உள்ளே கொண்டுவரவும் முடியாது. தள்ள முடியாத வண்டியைச் சுற்றி வேலை செய்வது நாளடைவில் அலுத்துப்போய், அதன்மேல் பழைய சாக்கும் மின்விசிறிப் பெட்டியும் ஏறிவிடும். எந்தக் கட்டத்திலும் வண்டி உருளவும் நிற்கவும் கூடிய நிலையிலேயே இருக்குமாறு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முழுவதையும் கழற்றிப் புதிதாகப் பூட்டும் முறை தவறா?

பயிற்சி பெற்ற பட்டறைக்கு அது சரி. வார இறுதியில் மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு அது பெரும்பாலும் பாதியில் நிற்கும் வழி. முன் சஸ்பென்ஷனைக் கழற்றினால், அதை முடித்துப் பூட்டிவிட்டுத்தான் பின்பக்கம் போக வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து, போல்ட்டு நட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, எந்த இடத்துடையது என்று எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிருக்கும் என்று நம்பிவிட்டு, வைப்பர் மோட்டாரின் ஸ்குருவை டேஷ்போர்டில் முறுக்கிப் பார்த்தவன் நான்.

பிரேக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிரம் எளிதில் கழலாது. சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் தட்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஆகவே ஈரத்துணியால் துடைத்து, துணியை அப்படியே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். நின்றுபோன வண்டியில் அங்கிருந்து காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு திரவம் வழியும். பிஸ்டனைத் தள்ளினால் ஒருபக்கம் நகரும், மறுபக்கம் நகராது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. உள்ளே விளக்குப் பிடித்துப் பார்க்கும்போது குண்டூசித் தலை அளவு குழி தெரிந்தாலும், ரப்பர் கப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிய கப்பை அந்தக் குழியே கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே விதிதான். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று என்பதால், எங்கே கசிந்தாலும் பெடல் முழுவதும் தரைக்குப் போய்விடும். இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் பார்க்காமலே மாற்றிவிடுவது நல்லது.

ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள வலது முன் சக்கரத்தில் முடியுங்கள். வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். பெயிண்டின்மேல் ஒரு துளி விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையெனில் பெயிண்ட் உரிந்துவிடும்.

எவ்வளவு இடமும் என்னென்ன கருவிகளும் தேவை?

கார் ஏறக்குறைய 3.9 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. இரண்டு பக்கமும் கதவு திறந்து ஆள் குனிய இடமிருந்தால் போதும். ஒரு நல்ல ஸ்பேனர் செட், பாக்ஸ் செட், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளி அளக்கும் தகடுகள்), டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), மல்டிமீட்டர், கிரீஸ் கன், நான்கு ஸ்டாண்டுகள் ஆகியவை வேண்டும். எல்லாம் மில்லிமீட்டர் அளவுகள்தான். அம்பாசடரின் அங்குல ஸ்பேனர்களை வைத்து முறுக்கி நட்டின் முனையை உருட்டிவிடாதீர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மயங்கும்வரை தெரியாது. பெட்ரோல் டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்க நினைக்க வேண்டாம். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும், ஏனெனில் எரியக்கூடியது உள்ளே நிற்கும் ஆவிதான்.

என்ஜின் சுற்றவே மறுக்கிறது. என்ன செய்வது?

பேட்டரி கொடுத்து செல்ஃப் அடிக்காதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து நான்கைந்து ஸ்பூன் ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னுமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள்தான் ஒட்டியிருக்கும்; சில நாளில் விட்டுவிடும். விட்டபின் பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் மேலே ஏறுகிறதா என்று உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு விடவே வேண்டாம்.

என்ஜின் வேலையை வீட்டில் எந்த அளவுக்குச் செய்யலாம்?

கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டில். வெட்டுவதும் உரசுவதும் லேத்தில். இது 1089 சி.சி. கொண்ட எளிய நான்கு சிலிண்டர் என்ஜின்; சிலிண்டரின் துளை 68 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இந்தக் கூட்டணியைப் புரிந்துகொண்டால் பாதி நோய்கள் புரிந்துவிடும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்ட வண்டியில் ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைச் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது. பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். லேத்தில் முதலில் நேர்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லி, தேவையென்றால் மட்டும் முகத்தை உரசச் சொல்லுங்கள். உரசும் ஒவ்வொரு முறையும் ஹெட் மெலிகிறது.

போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைப் பெரிதாக்குவது குறித்து ஒன்று. புதிய பிஸ்டன் செட்டை வாங்கி லேத்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் துளையைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். நான் முதலில் போர் செய்யக் கொடுத்துவிட்டு, பிறகு பிஸ்டன் தேடப் போனேன். கிடைத்த செட் அவர்கள் வெட்டிய அளவுக்கு ஒரு மயிரிழை சிறியது. பூட்டி ஓட்டியபோது காலையில் குளிர்ந்த என்ஜினில் பிஸ்டன் பக்கவாட்டில் தட்டும் சத்தம் கேட்டது, வண்டி ஆயிலும் குடித்தது. மறுபடி அடுத்த அளவுக்குப் போர் செய்ய வேண்டியதாயிற்று. லேத்காரர் மேல் தவறில்லை என்று சொல்ல மாட்டேன். பிஸ்டன் எங்கே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோடையில் வண்டி சூடாகிறது, நடுவழியில் நின்றுவிடுகிறது. ஏன்?

இவை இரண்டு வேறு நோய்கள். சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் ஊற்றிய தண்ணீர்தான். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு, பாத்திரத்தில் படிவதுபோலவே பிளாக்கின் நீர்வழிகளிலும் ரேடியேட்டரின் குழாய்களிலும் படிகிறது. ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் செய்து (குழாய்களுக்குள் கம்பி விட்டுப் படிவை நீக்கி), வாட்டர் பம்பையும் பிளாக்கின் பக்கவாட்டில் நீர்வழித் துளைகளை மூடியிருக்கும் வெல்ச் பிளக்குகளையும் மாற்றுங்கள். அதன்பின் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். அலுமினிய ஹெட்டை அரிப்பிலிருந்து காப்பது அந்தக் கூலன்ட்தான்.

நடுவழியில் நின்று, அரைமணி கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆவது ஏர்லாக். என்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் பழைய டாக்சி ஓட்டுநர்களின் வழக்கம் இன்றும் வேலை செய்கிறது. பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கி, சூடு தடுக்கும் உறை போடுவது நிலையான தீர்வு.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றலாமா?

வேறு வழியில்லை, 20 விழுக்காடு எத்தனால் கலந்ததுதான் இன்று பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ்கள், பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையில் வாங்கி மாற்றுங்கள். மேலும், அது டேங்கில் படிந்த துருவையும் பசையையும் கரைத்துக்கொண்டு வரும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஓட்டினால் கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துளை அடைத்துக்கொண்டே இருக்கும். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியில் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள்.

ஒயரிங்கைச் சரிசெய்வதா, முழுவதும் மாற்றுவதா?

ஒயரை வளைத்தால் மேலுறை வெடிக்கிறது என்றால் முழுவதும் மாற்றுங்கள். நாற்பது ஆண்டுகளில் நாலைந்து எலெக்ட்ரீஷியன்கள் கைவைத்து, ஹாரனுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் இழுத்த இணைப்புகளே தீப்பிடிக்கக் காரணமாகின்றன.

டிங்கரிங், பெயிண்டிங் வேலைகளை வீட்டிலேயே முடிக்க முடியுமா?

அரித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதை அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். ஆனால் அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். அரிப்பின்மேலேயே தகட்டை ஒட்டி, அதன்மேல் பட்டி பூசி மறைப்பது எளிது. இரண்டு மழைக்காலத்தில் அது வெளியே வந்துவிடும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் நகர்த்திப் பாருங்கள். தகட்டில் அது ஒட்டும். தடித்த பட்டி உள்ள இடத்தில் நழுவி விழும். வண்டி வாங்கப்போகும்போதும் அந்தக் காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உரசுவது, பிரைமர் அடிப்பது, டூகோ என்னும் விரைவில் காயும் பெயிண்டை அடிப்பது ஆகியவற்றைப் பொறுமை உள்ளவர் வீட்டில் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்த டூகோ, காயும்போது பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். ஹார்டனர் கலக்கும் 2கே பெயிண்டை வீட்டில் ஸ்பிரே செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பழைய பெயிண்ட் ஓரளவு நன்றாக இருந்தால் அதையே பாலிஷ் செய்து வைத்துக்கொள்வதுதான் அழகு என்பது என் தனிப்பட்ட ருசி.

உதிரி பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள், பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. மும்பையில் கருப்பு மஞ்சள் டாக்சிகளாகப் பல்லாயிரம் பத்மினிகள் ஓடியதால், ஓடும் பாகங்கள் அங்கே நெடுங்காலம் புழங்கின. 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் ஓய்வு பெற்றபின் அந்த வரத்து குறைகிறது. பிரேக், கிளட்ச், என்ஜின் பாகங்களுக்கு இன்னும் பெரிய கவலை இல்லை. கிடைக்காதவை அலங்காரப் பட்டைகள், விளக்குக் கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிகள், கடிகார முகப்புகள். அவற்றை உடைக்காமல் கழற்றுவதற்கு ஒரு முழு நாளைச் செலவிட்டாலும் தவறில்லை. ஸ்டீயரிங்கை ஒட்டியிருக்கும் கை கியரின் தொளதொளப்புக்குப் பயந்து வேறு கியர் பெட்டி தேடாதீர்கள். இணைப்புகளில் உள்ள சிறு புஷ்களை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேறு என்ஜின் வைக்கலாமா? நிறத்தை மாற்றலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியின்றி வேறு என்ஜின் ஏற்றினால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது சிக்கல். நிற மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவு செய்துவிட்டு அடிப்பதே முறை. வண்டியின் பழைய நிறமே எது என்று தெரியாவிட்டால், டேஷ்போர்டுக்குப் பின்புறமும் டிக்கி மூடியின் உட்புறமும் பாருங்கள். அங்கே யாரும் மறுபூச்சு அடித்திருக்க மாட்டார்கள்.

பதினைந்து ஆண்டுகள் தாண்டிய வண்டியை உடைத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். பதினைந்து ஆண்டுத் தடை டெல்லி வட்டாரத்துப் பெட்ரோல் வண்டிகளுக்காக எழுந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை ஆய்வுக்குக் காட்டி, அதன் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. பழைய புத்தக வடிவ ஆர்.சி.யாக இருந்தால், அதன் விவரங்கள் அரசின் வண்டிப் பதிவேடான ‘வாகன்’ இணையத் தரவில் ஏறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையெனில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் மற்றவை நகரும்.

ஆர்.சி. இன்னும் மறைந்த அப்பாவின் பெயரில் இருக்கிறது. மாற்றாமல் விடலாமா?

விடக் கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே சிக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றுடன் படிவம் 31-இல் விண்ணப்பியுங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது உத்தமம். பளபளவென்று வண்டி நிற்கும்போது சம்மதக் கையெழுத்து வாங்குவது சில குடும்பங்களில் கடினமாகிவிடுகிறது.

விண்டேஜ் பதிவு வாங்கலாமா?

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பு மாறாத வண்டிக்கு 2021-இல் வந்த விதிகளின்படி வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர விரும்புபவருக்குச் சாதாரணப் பதிவே ஏற்றது.

முடித்தபின் எப்படிப் பராமரிப்பது?

வாரத்துக்கு ஒருமுறை, என்ஜின் முழுச் சூட்டை எட்டும் அளவுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நன்மை செய்வதில்லை. சைலன்சருக்குள் நீர் தங்கி அதைத் துருப்பிடிக்க வைக்கும். முன் சஸ்பென்ஷன் நிப்பிள்களுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிரீஸ் அடியுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையெனில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஷெட்டில் எலி இருந்தால் பானட்டைத் திறந்தே வைத்திருங்கள். இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் அது கூடு கட்டாது.